தெரியாத வண்டியில் ஏறிய நாய்

நியூ ஜெர்சியிலிருந்து டெக்சாஸுக்கு நான் வீடு மாறியது ஒரு டிசம்பர் கடைசியில். என்னோடு வந்தவை இரண்டு நாய்கள். மகளும் வழித்துணைக்கு வருவதாகத்தான் இருந்தது. கிளம்புவதற்கு நான்கு நாள் முன்பு அது இல்லை என்று ஆகிவிட்டது.

நானும் கணவரும் பிரிந்து அப்போது ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. சண்டையெல்லாம் ஓய்ந்து, பேச வேண்டியதை மட்டும் பேசிக்கொள்ளும் இடத்துக்கு வந்திருந்தோம். நியூ ஜெர்சி எடிசனில் இருந்த வீட்டை விற்றாயிற்று. அவர் பக்கத்து ஊரில் ஒரு அபார்ட்மென்ட் எடுத்துக்கொண்டார். மகள் பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தாள். இந்தச் சமயத்தில் பள்ளிக்கூடம் மாற்றக்கூடாது என்பதில் மூன்று பேருக்கும் இரண்டாவது கருத்து இல்லை. வெகு நாளைக்குப் பிறகு எங்கள் வீட்டில் எல்லோரும் ஒத்துப்போன விஷயம் அது ஒன்றுதான். என் கம்பெனியோ நியூ ஜெர்சி அலுவலகத்தை மூடிவிட்டு, வேலை வேண்டுமென்றால் டெக்சாஸில் பிளானோவுக்கு வாருங்கள் என்று சொல்லிவிட்டது. என் கிரீன் கார்டு பாதி வழியில் நின்றுகொண்டிருந்தது. அந்த நேரத்தில் வேறு வேலை தேடும் தைரியம் எனக்கு இல்லை. ஆகவே நான் போவது, அவள் அப்பாவோடு இருப்பது என்று முடிவானது.

அவருடைய அபார்ட்மென்டில் நாய்களுக்கு அனுமதி கிடையாது. அதனால் நாய்கள் என் பங்குக்கு வந்தன. குளிர்காலத்தில் நாய்களைச் சரக்குப் பகுதியில் ஏற்ற மாட்டோம் என்று விமானக் கம்பெனியில் சொன்னார்கள். சரி, ஓட்டிக்கொண்டே போய்விடலாம் என்று நினைத்தேன்.

பெரியவன் கறுப்பு. லாப்ரடாரும் வேறு ஏதோவும் கலந்தவன். மகளுக்குப் பத்து வயதில், அவள் ஒரு வருடம் அடம்பிடித்து வாங்கியது. அவள் கட்டிலில்தான் தூங்குவான். பள்ளிப் பேருந்து தெருமுனையில் திரும்பும்போதே ஜன்னலுக்குப் போய் நிற்பான். இன்னொன்று சின்னது, வயதானது, ஒரு கண்ணில் பூ விழுந்தது. அதற்கு அழகான ஆங்கிலப் பெயர் ஒன்று உண்டு. ஆனால் கிழவி என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்க்கும்.

பாதி காலியாகிவிட்ட சமையலறையில் நான் பாத்திரங்களைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்தபோதுதான் மகள் விஷயத்தை ஆரம்பித்தாள்.

"அம்மா, டோன்ட் பி மேட்."

"சொல்லு."

"காலேஜ் அப்ளிகேஷன் எல்லாம் ஜனவரி ஃபர்ஸ்ட் டியூ. இன்னும் த்ரீ எஸ்ஸேஸ் இருக்கு. கார்ல உக்காந்து எழுத முடியாதும்மா. ஐ ரியலி ட்ரைட்."

"பரவால்ல தங்கம். எழுதி முடி. நான் ஓட்டிக்கிறேன்."

"ஆர் யூ ஷுர்?"

"ஷுர்தான்."

உண்மையில் அந்தப் பயணத்தை நான் அவளுக்காகத்தான் மனதில் போட்டு வைத்திருந்தேன். மூன்று நாள் ஒரே காரில் அவளும் நானும். கேட்க வேண்டியது, சொல்ல வேண்டியது எல்லாவற்றையும் எங்காவது வர்ஜீனியாவில் பேசிக்கொள்ளலாம் என்று இருந்தேன். கல்லூரிக்குப் போய்விட்டால் இப்படி ஒரு பயணம் அமையாது. அதை அவளிடம் சொல்லவில்லை.

ஈரோட்டிலிருந்து அம்மா போன் செய்தாள். "ஒண்டியா அத்தன தூரம் போறயா? ரெண்டு நாயையும் ஆருக்காவது குடுத்துப்போட்டு பிளேன்ல போயேன் கண்ணு."

"அப்படியெல்லாம் குடுக்க முடியாதும்மா."

"நாய்தான கண்ணு" என்றாள்.

கிளம்பிய அன்று காலை கணவர் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். குனிந்து என் கார் டயர்களைப் பார்த்தார். "வாஷர் ஃப்ளூயிட் ஃபில் பண்ணிட்டியா?" என்றார். பண்ணியாயிற்று என்றேன். "மெதுவாப் போ. டென்னசியில ஐஸ்னு போட்டிருக்கான்" என்றார். அவ்வளவுதான். மகள் அந்தக் குளிரிலும் கோட் போடாமல் பள்ளிக்கூடத்துச் சாம்பல் நிற ஹூடியில் நின்றாள், முடியை உச்சியில் கொண்டையாகச் சுருட்டிப் போட்டிருந்தாள். தரையில் மண்டியிட்டுப் பெரியவனின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு வெகுநேரம் எழவில்லை. அவன் வாலை ஆட்டிக்கொண்டு ஒரே தாவலில் காரில் ஏறினான். அவளும் ஏறுவாள் என்று நினைத்திருப்பான். திறந்திருந்த கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கதவை நான்தான் சாத்தினேன்.

பென்சில்வேனியா முழுக்கச் சாலையோரத்தில் அழுக்குப் பனி மலைமலையாகக் கிடந்தது. கிழவி பின்சீட்டில் கம்பளிக்குள் சுருண்டுகொண்டாள். பெரியவன் நின்றுகொண்டே வந்தான். ஒவ்வொரு பெட்ரோல் பங்கிலும் அவனை இறக்கி, நடத்தி, மறுபடி ஏற்றினேன். ஓரிடத்தில் அவனாகவே முன்பக்கம் தாவி என் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்துகொண்டான்.

வர்ஜீனியாவில் மகள் கூப்பிட்டாள். போனை ஸ்பீக்கரில் போட்டேன். "ஹாய் அம்மா, எங்க இருக்க?" என்ற குரல் கேட்டதும் பெரியவன் துள்ளி எழுந்தான். முதலில் ஸ்பீக்கரை மோந்தான். பிறகு பின்சீட்டுக்குத் தாவி கம்பளியைக் கிளறினான். கிழவி உறுமினாள். அதற்கும் பின்னால் பெட்டிகள் அடுக்கியிருந்த இடத்துக்குத் தலையை நீட்டி முனகினான். மகள் பேசிக்கொண்டே இருந்தாள். அவள் பேசப் பேச அவன் தேடினான். போனை வைத்த பிறகும் அடங்கவில்லை.

அடுத்த முறை அவள் கூப்பிட்டபோது இயர்போனை மாட்டிக்கொண்டேன். "அவன்கிட்ட குடும்மா" என்றாள். "தூங்கறான்" என்றேன். அவன் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

டென்னசி எல்லையைத் தாண்டியதும் மழை விழுந்தவுடன் உறைய ஆரம்பித்தது. முன்னால் போன லாரி ஒன்று மெல்ல, எந்த அவசரமும் இல்லாமல், பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு போய் ஓரத்தில் நின்றது. அடுத்த எக்ஸிட்டில் இறங்கி, நாய்களை அனுமதிக்கும் ஒரு மோட்டலைப் பிடித்தேன். மறுநாளும் சாலை திறக்கவில்லை.

அந்த ஒரு நாளை என்னால் மறக்க முடியவில்லை. அந்த அறையில் நடந்தது என்று எதுவுமே இல்லை. ஜன்னலுக்கு வெளியே கார்களெல்லாம் கண்ணாடி பூசியதுபோல் நின்றன. நாய்களை வெளியே கூட்டிப்போய் வந்து, பாதங்களில் ஒட்டிய உப்பைத் துண்டால் துடைத்தேன். மறுபடி கூட்டிப்போனேன், மறுபடி துடைத்தேன். முன்கவுண்டரில் சுடிதார் மேல் தடித்த ஸ்வெட்டர் போட்ட ஒரு குஜராத்தி அம்மாள் இருந்தார். என்னைப் பார்த்ததும் இந்தியில் "அகேலி?" என்றார். தனியாகவா என்று கேட்கிறார் என்ற அளவுக்கு எனக்கு இந்தி தெரியும். பதில் சொல்லுமளவுக்குத் தெரியாது. நாய்களைக் காட்டினேன். அவர் சிரித்தார். பிறகு, நாய்கள் சாப்பாட்டு அறைக்குள் வரக்கூடாது என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

அன்று நான் மனிதர்களிடம் பேசியது மொத்தமே அவ்வளவுதான். நியூ ஜெர்சி தோழிகளின் வாட்ஸ்அப் குழுவில் "ரீச் ஆயிட்டியா?" என்று ஒருத்தி கேட்டிருந்தாள். ஐஸில் மாட்டிக்கொண்டேன் என்று போட்டேன். மூன்று பேர் கைகூப்பிய படம் போட்டார்கள். அவர்கள் நல்லவர்கள்தான். ஆனால் ஜோடியாகவே விருந்துக்கு அழைத்துப் பழகியவர்களுக்கு, ஒற்றை ஆளை எங்கே உட்கார வைப்பதென்று தெரிவதில்லை. கடைசி ஒரு வருடத்தில் அழைப்புகள் குறைந்ததற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. பெரியவன் முந்தின நாளிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை. அவன் கிண்ணத்துக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, நானும் ஒரு பாக்கெட் சிப்ஸைத் தின்று முடித்தேன்.

அதற்கடுத்த நாள் சாலை திறந்தது. மெம்ஃபிஸில் மிசிசிப்பி ஆற்றைத் தாண்டி, அர்கன்சாஸுக்குள் வெகுதூரம் போன பிறகு ஒரு ரெஸ்ட் ஏரியாவில் நிறுத்தினேன். வெயில் அடித்தாலும் காற்று முகத்தை அறுத்தது. தரை வழுக்கியதால் கிழவியை ஒரு கையில் தூக்கிக்கொண்டு, இன்னொரு கையில் பெரியவனின் லீஷைப் பிடித்திருந்தேன். அவன் திடீரென்று விறைத்து நின்றான். காது இரண்டும் எழுந்தன. அடுத்த நொடி, கையுறைக்குள் பிடி நழுவிவிட்டது.

கார்களுக்கு நடுவே ஓடினான். நான் கத்திக்கொண்டே பின்னால் ஓடினேன். ஐந்தாறு கார் தள்ளி ஒரு மினிவேன் நின்றது, பக்கக் கதவு திறந்திருந்தது. அவன் யோசிக்காமல் உள்ளே தாவினான். நான் போய்ச் சேர்ந்தபோது, உள்ளே இருந்த பெண்ணின் மடியில் தலையை வைத்துப் படுத்திருந்தான்.

அவளுக்குப் பதினாறு, பதினேழு வயதிருக்கும். வெள்ளைக்காரப் பெண். முகத்தில் என் மகளின் ஜாடை எதுவும் இல்லை. ஆனால் சாம்பல் நிற ஹூடி போட்டிருந்தாள். முடியை அதேபோல் உச்சியில் சுருட்டிப் போட்டிருந்தாள்.

"சாரி, சாரி" என்றேன். அவள் அப்பா டிரைவர் சீட்டிலிருந்து திரும்பி, "ஒன்றும் அவசரமில்லை" என்று சிரித்தார். நான் "வாடா, இறங்குடா" என்றேன். அவன் அந்தப் பெண்ணின் சட்டையை மோந்தான், கையை மோந்தான். அதற்குள் அவனுக்குத் தெரிந்துபோயிருக்க வேண்டும். வாலாட்டுவது நின்றுவிட்டது. ஆனாலும் இறங்கவில்லை. "வா கண்ணு, போலாம் வா" என்றேன். என்னை ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி தலையை அவள் மடியிலேயே வைத்துக்கொண்டான்.

"என்னை யாரென்று நினைத்துக்கொண்டான்?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"என் மகளென்று."

"அவள் எங்கே?"

"நியூ ஜெர்சியில்."

முன்சீட்டிலிருந்த அவள் அம்மா என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மகளிடம், "நீ எழுந்து அவருடைய கார் வரை நடந்து போ. பின்னாலேயே வருவான்" என்றார்.

அப்படியே செய்தாள். அவள் இறங்கியதும் அவனும் இறங்கினான். அவள் காலை உரசிக்கொண்டே நடந்து வந்தான். என் காரின் முன்கதவைத் திறந்து, எனக்குப் பக்கத்துச் சீட்டில் அவள் ஏறி உட்கார்ந்தாள். அவன் நான் திறந்துவிட்ட பின்கதவு வழியாக ஏறி, இரண்டு சீட்டுக்கும் நடுவே தலையை நீட்டி அவள் தோளில் வைத்துக்கொண்டான். நான் பின்கதவைச் சாத்திவிட்டு, சுற்றி வந்து என் இடத்தில் உட்கார்ந்தேன். கிழவி என் மடியில் இருந்தாள்.

"எவ்வளவு தூரம் போகிறீர்கள்?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"பிளானோ. டல்லஸ் பக்கத்தில்."

"தனியாகவா?"

"ஆமாம்."

அவள் தலையை ஆட்டினாள். அவன் காதுக்குப் பின்னால் சொறிந்துகொடுத்தாள். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு நிமிடம் இருக்கும். பிறகு அவன் நெற்றியில் முத்தம் கொடுத்துவிட்டு, "நல்ல பையன்" என்று சொல்லி, இறங்கிக் கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டாள். அவன் ஊளையிடவில்லை. ஜன்னலில் மூக்கை வைத்து அந்த வேன் போவதைப் பார்த்தான். அவன் மூச்சில் கண்ணாடி மங்கியது.

வீட்டை விற்றுக் கையெழுத்துப் போட்ட அன்று எனக்கு அழுகை வரவில்லை. மகளை விட்டுக் கிளம்பிய காலையிலும் வரவில்லை. அங்கேதான் வந்தது. யாராவது பார்த்திருந்தால் என்ன நினைத்திருப்பார்களோ, தெரியாது.

அழுது முடித்து மகளைக் கூப்பிட்டேன்.

"வாய்ஸ் ஒரு மாதிரி இருக்கு. அழறியா?"

"இல்ல. சளி." பிறகு நடந்ததைச் சொன்னேன்.

"அவன் அந்தப் பொண்ண நான்னு நெனச்சானாம்மா?" என்றாள். வழக்கமாகப் பாதி ஆங்கிலத்தில் பேசுகிறவள், அதை முழுக்கத் தமிழில் கேட்டாள்.

"ஆமா தங்கம்."

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "ஸ்பீக்கர்ல போடேன்."

"வேண்டாம். இப்பத்தான் படுத்தான்."

"ஓகே." கொஞ்சம் பொறுத்து, "நீ ஓகேயா?" என்றாள்.

"ஓகேதான். எஸ்ஸே முடிஞ்சுதா?"

"ஆல்மோஸ்ட்."

பிளானோவுக்கு மறுநாள் மதியம் போய்ச் சேர்ந்தோம். சாமான் ஏற்றிய லாரி ஐஸில் எங்கோ நின்றுவிட்டதால் வீட்டில் ஒன்றுமே இல்லை. காலி அறையில் நான் பேசினால் எதிரொலித்தது. லாரி வரும்வரை கார்ப்பெட்டில் கம்பளியை விரித்துப் படுத்தேன். கிழவி என் வயிற்றோடு ஒட்டிக்கொண்டாள். பெரியவன் வாசல் கதவின் முன்னால் போய்ப் படுத்தான். எத்தனை கூப்பிட்டும் அங்கிருந்து வரவில்லை. இந்தியக் கடையில் அரிசி, பருப்பு, முட்டை வாங்கினேன். பில் போட்ட ஆன்ட்டி, "புதுசா வந்திருக்கீங்களா? ஃபேமிலி?" என்று கேட்டார். "பொண்ணு நியூ ஜெர்சியில படிக்கிறா" என்றேன். அடுத்த கேள்வியை அவர் கேட்கவில்லை. சோறும் அவித்த முட்டையும் பிசைந்து வைத்ததைப் பெரியவன் கொஞ்சம் சாப்பிட்டான்.

ஜனவரி முழுக்க அலுவலகம், டோல் ரோடு, வீடு என்று போனது. பிப்ரவரியில் ஒருநாள் காலை கண் விழித்தபோது அவன் என் கால்மாட்டில் படுத்திருந்தான். எப்போது ஏறினான் என்று தெரியாது. அசைந்தால் இறங்கிவிடுவானோ என்று, அலாரம் அடித்த பிறகும் அப்படியே கிடந்தேன்.

மார்ச் விடுமுறைக்கு மகள் வந்தாள். அவளைப் பார்த்த சந்தோஷத்தில் பெரியவன் ஹாலிலேயே மூத்திரம் போய்விட்டான். ஒரு வாரம் அவன் அவளை விட்டு நகரவில்லை. நான் வர்ஜீனியாவுக்கென்று வைத்திருந்த பேச்சில் கொஞ்சத்தை, அவள் மதியம் வரை தூங்கி எழுந்து தோசை தின்ற நேரங்களில் பேசினோம். மீதியைப் பேசவில்லை. அவள் போன பிறகு அவன் ஒருநாள் கதவருகே கிடந்தான். மறுநாள் வாக்கிங்குக்குக் கிளம்பிவிட்டான்.

கல்லூரிக்கு அவள் பாஸ்டன் பக்கம் போனாள். டெக்சாஸிலேயே இருக்கும் ஆஸ்டினும் கிடைத்திருந்தது. எனக்கு அந்த ஆசை இருந்ததை நான் காட்டிக்கொள்ளவில்லை. அவள் தெரிந்துகொள்ளாமல் இருந்திருக்க மாட்டாள். வருடத்துக்கு இரண்டு முறை வருகிறாள்.

கிழவிக்கு இப்போது இரண்டு கண்ணும் தெரியவில்லை. சுவரைத் தொட்டுத் தொட்டு நடக்கிறாள். இந்த ஊரில் நெருக்கமானவர்கள் என்று எனக்கு யாரும் ஏற்படவில்லை. காலையில் குளத்தைச் சுற்றி நடக்கும்போது எதிரில் வருகிற சிலர் கையசைப்பார்கள். அவர்களுக்கு நாய்களின் பெயர் தெரியும், என் பெயர் தெரியாது. போன வாரம் ஒரு பெரியவர் நின்று, "உங்களை எப்படிக் கூப்பிடுவது?" என்று கேட்டார். சொன்னேன். இரண்டு முறை சொல்லிப் பார்த்தார், சரியாக வரவில்லை. பரவாயில்லை என்று சொல்லிவிட்டு நடந்தேன்.