கோலா சாவா ஓடையும் அப்பாவின் கையும்

எண்பத்தைந்து வயதில் அம்மாவுக்கு ஒரு பிடிவாதம்: தான் ரப்பர் மரம் சீவிய தோட்டத்து ஓடையைப் பார்க்க வேண்டுமாம். எனக்கு அந்த இடத்தின் மேல் கோபம்தான். பிரிட்டிஷ் அரசு கம்யூனிஸ்டுகளை வேட்டையாடிய அவசரகாலத்தில், நான் கைக்குழந்தையாக இருந்தபோது, தோட்டத் துரையிடம் வம்பு வளர்த்து இந்தியாவுக்குக் கப்பலேற்றப்பட்டவர் அப்பா. எங்களை அம்போவென்று விட்டுப்போனவர் என்றே நினைத்திருந்தேன்.

சனிக்கிழமை காலை 7.15க்கு, நாங்கள் வசிக்கும் பாரோயிலிருந்து வாடகைக் காரில் கிளம்பினோம். தோட்டம் இருக்கும் கோலா சாவாவுக்கு முப்பது ரிங்கிட், நாற்பது நிமிடம்.

"அங்க என்னா இருக்கு பாட்டி? ரப்பரே இல்ல, எல்லாம் எண்ணெய் எடுக்கற செம்பனைதான் லா," என்றார் ஓட்டுநர்.

"ஓடை இருக்குமில்ல, ஓட்டுப்பா," என்றார் அம்மா.

இருந்தது, முழங்காலளவு. கரையில் உட்கார்ந்ததும் அம்மா சொல்ல ஆரம்பித்தார். லாலாங் என்ற களைப்புல்லுக்கு மருந்தடித்த விஷத் தகரங்களை ஓடையின் மேல்பக்கத்தில் கழுவினார்களாம். கீழே முள்வேலிக்குள் அடைபட்ட தொழிலாளர் லயத்துக்குக் குடிக்க அதே தண்ணீர். ஆடுகள் செத்தன. பிறகு எனக்கு வாந்தி, ஓயவே இல்லை. தோட்டத்துக் கணக்கரான கிராணியிடம் முறையிட்டால் கம்யூனிஸ்ட் என்பார். கூட்டம் கூடினால் போலீஸ் வரும். எல்லாரும் தடையில்லாமல் சேர்ந்து நிற்கிற ஒரே நேரம், விடியலில் வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டு.

"அதான் பெரட்டுக்கே ரப்பர் பால் வாளில ஓடைத்தண்ணி மொண்டு போனோம். பொம்பளைங்க அத்தன பேரும். தொர முன்னால வச்சு, குடிங்கய்யான்னு சொன்னேன்."

"நீங்களாம்மா?"

"பின்ன யாரு? யாரு கெளப்பிவிட்டதுன்னு கத்துனாரு. நான் வாயத் தொறக்கறதுக்குள்ள ஒங்கப்பா நான்தான்னு கையத் தூக்கிட்டாரு. எங்கிட்ட மெதுவா, 'புள்ள பால் குடிக்குது, நீ பேசாத'ன்னாரு."

அடுத்த வாரமே தகரம் கழுவுவதை லயத்துக்குக் கீழே மாற்றினார்களாம். அதற்குள் போலீஸ் கொண்டுபோய்விட்டதால் அப்பா அதைப் பார்க்கவில்லை.

"ஏம்மா இத்தன வருஷம் சொல்லல?"

"சொன்னா, என்னாலதான் அப்பா போனாருன்னு என்னைய வெறுப்ப. ஒனக்குப் பக்கத்துல நான் ஒருத்திதானே இருந்தேன்."

சுற்றுச்சூழல் போராட்டம் படித்தவர்கள் வேலை என்று நானே பலமுறை பேசியிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

போக நினைப்பவர்களுக்கு: பத்து மணிக்குள் திரும்பிவிடுங்கள், வெயில் தாங்காது. கார் காத்திருக்க மணிக்குப் பதினைந்து ரிங்கிட். தோட்டக் காவலரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். குடிதண்ணீர் கொண்டுபோங்கள், அட்டைக்கடிக்கு உப்பும்.

அம்மா காலை நனைக்க இறங்கினார். நான் கரையில் நின்று, வாழ்க்கையில் முதல்முறையாகக் கோபமில்லாமல், "அப்பா" என்று சொல்லிப் பார்த்தேன்.