ஒன்றரை ஷிப்ட் கணக்கு

வங்கி ஆள் செல்வக்குமார் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தபோதே அமராவதி சுவரோரம் ஒதுங்கினாள். நல்லதுக்குத்தான் வந்திருக்கிறார். தனியார் ஃபைனான்ஸில் இருக்கும் வீட்டுக்கடனைத் தன் வங்கிக்கு மாற்றித் தருகிறேன் என்கிறார், வட்டி குறையும். ஆனால் வீடு அவள் பேரில் இருக்கிறது. கையெழுத்தை அவள்தான் போட வேண்டும்.

ஏழாம் வகுப்போடு பனியன் கம்பெனிக்குப் போனவள் அவள். செக்கிங் டேபிளில் நின்று துணியில் ஓட்டை, எண்ணெய்க் கறை பார்ப்பது வேலை. நாலு பேர் முன்னால் பேச்சு வராது. பார்த்துக்கொண்டே இருப்பாள்.

கணவன் திருமூர்த்தி அதே கம்பெனியில் டெய்லர். வேலம்பாளையத்தில் இந்த வீட்டைக் கட்டும்போது, இருவருக்கும் வரும் ஒன்றரை ஷிப்ட் சம்பளத்தை வைத்துத்தான் தவணையைக் கணக்குப் போட்டார்கள். இங்கே எல்லாரும் அப்படித்தான். காலையில் போனால் இரவு எட்டரைக்குத் திரும்புவதுதான் ஒரு நாள் வேலை. அதில் அரை ஷிப்ட் ஓவர்டைம் என்பது யாருக்கும் நினைப்பிலேயே இல்லை.

இந்த வருடம் ஆர்டர் குறைந்ததும் நினைப்பு வந்தது. ஐந்தரைக்கே விளக்கை அணைத்து அனுப்பிவிடுகிறார்கள். போன மாதத் தவணைக்கு அவள் தோடு அடகுக்குப் போயிற்று. அடுத்ததற்கு எதுவும் இல்லை. வாசலில் பைக் நின்றாலே வசூலுக்கு வந்த ஆளோ என்று ஜன்னல் வழியே எட்டிப் பார்க்கிறாள். பின்தெருவில் ஒரு வீட்டுச் சுவரில், அது அடமானத்தில் இருக்கும் வீடு என்று ஃபைனான்ஸ்காரர்கள் சிவப்புப் பெயிண்டில் எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். அதன் பிறகு அந்தத் தெரு வழியாக அவள் போவதில்லை.

“வருமானம் எப்படிங்கண்ணா?” என்றார் செல்வக்குமார்.

“ரெண்டு பேருக்கும் ஒன்ற ஷிப்டுங்க,” என்றான் திருமூர்த்தி, கூசாமல். “கம்பெனிக் காண்ட்ராக்டர்கிட்டச் சம்பளத்த எழுதி வாங்கியாந்தர்றேன்.”

“அப்பப் பிரச்சனையே இல்லீங்க. வட்டி கொறையறதால, தவணை இப்பக் கட்டற அளவே இருக்கட்டும். கையில மூணு லட்சம் எச்சா வாங்கித் தரேன்.”

திருமூர்த்தி அவள் பக்கம் திரும்பினான். “கேட்டயா அம்மணி? சொந்தமா ரெண்டு தையல் மெசினே போட்டுக்கலாம்.”

அமராவதி மனசுக்குள் கணக்குப் போட்டாள். உண்மையைச் சொன்னால் இந்த ஆள் எழுந்து போய்விடலாம். போய்விட்டால் பழைய தவணைதான். சொல்லாவிட்டாலும் அதே தவணைதான், கூடவே மூன்று லட்சம் கடன்.

“இப்ப ஒரு ஷிப்டுதானுங்களே, மாமா.”

விண்ணப்பத்தில் எழுதிக்கொண்டிருந்த செல்வக்குமாரின் பேனா நின்றது. திருமூர்த்தி சிரித்துச் சமாளித்தான். “கோயில்ல நின்னாக்கூட வாயத் தொறந்து வேண்டிக்க மாட்டாளுங்க. இன்னைக்குப் பாருங்க, பேசறா! ஏம்புள்ள, தீபாவளி ஆர்டர் வந்தா மறுக்காவும் ஒன்ற ஷிப்டு ஓடுமல்ல?”

“வராட்டிப் போனா நம்ம செவுத்துலயும் பெயிண்ட் அடிப்பாங்க.”

அவள் சேலைத் தலைப்பை விரலில் இறுக்கிச் சுற்றிக்கொண்டாள்.

செல்வக்குமார் அவளிடம் திரும்பிச் சொன்னார். “ஒரு ஷிப்டுன்னா எச்சுப் பணம் கெடைக்காதுங்கக்கா. தவணையக் கொறைக்கலாம், ஆனா இருவது வருசம் இழுக்கும். மொத்தத்துல வட்டி சாஸ்தி. அதுவும் மேல இருக்கறவங்க ஒத்துக்கிட்டாத்தான்.”

“இருவது வருசமா! எனக்கு அறுவத்தஞ்சு ஆயிருமுங்க,” என்றான் திருமூர்த்தி.

“அப்பவும் இந்த ஊட்டுலயே இருக்கோணும் மாமா.”

செல்வக்குமார் விண்ணப்பத்தில் ஒன்றரை ஷிப்டை அடித்து, ஒன்று என்று திருத்தி எழுதினார். வேர்வையில் பேனா அவள் கையில் வழுக்கியது. இரண்டு முறை கையைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாள். பதில் ஒரு வாரத்தில் வரும் என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

“ஒத்துக்காம உட்டுட்டா என்ன பண்ணுவ? உனக்குப் பயமே இல்லியா?” என்று வெடித்தான் திருமூர்த்தி.

“பயந்துட்டுத்தானுங்க சொன்னேன்,” என்றாள் அமராவதி. சேலைத் தலைப்பு மறுபடி அவள் விரலில் இறுகியிருந்தது. அதைப் பார்த்துவிட்டு, “செரி, ஒரு வாரம் பாக்கலாம்,” என்று அவன் குரலைத் தணித்தான்.