நோர்பரியில் உறங்கும் ஐஸ் ஹொக்கி வீரர்

சென்ற மாசி மாதம் ஒரு சனிக்கிழமை, ரொறன்ரோவில் இருந்து வந்திருந்த என் அக்காவின் மகள் அபியோடு ஒரு கல்லறை பார்க்கப் போனேன். லண்டன் வருகிறவர்கள் பாலம் பார்ப்பார்கள், அரண்மனை பார்ப்பார்கள். எனக்கு வாய்த்த மருமகள் இப்படி.

அபி ஐஸ் ஹொக்கி ஆடுகிறவள். சம்பளத்துக்கு ஆட ஒரு கழகம் அழைத்திருந்தது. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். ரொறன்ரோவில் இருக்கும் அக்காவோ கணக்கியல் படிப்பை முடி என்று ஒற்றைக் காலில் நின்றாள்.

கல்லறைக்காரர் கனடாவின் ஆரம்பகால ஹொக்கி வீரர். (பெயர் வேண்டாம், பேரப்பிள்ளைகள் இங்கே இருக்கிறார்கள்.) பகலில் வங்கி எழுத்தர், மாலையில் உறைந்த குளத்தில் காசு வாங்காத ஆட்டக்காரர். பிறகு சம்பளத்துக்கு ஆடச் சம்மதித்தார். காசுக்கு ஆடுவது அந்தக் காலத்தில் இழுக்கு; வங்கி அவரை வேலையை விட்டு நிறுத்தியது. பழைய கழகமும் கதவைச் சாத்தியது. மனிதர் அசரவில்லை. முழங்கால் போகும்வரை ஊர் ஊராகப் போய்க் கோல் அடித்துத் தள்ளினார். கடைசியில் லண்டன் வந்து மறுபடியும் ஒரு வங்கியிலேயே சேர்ந்தார். அபிக்கு இந்தக் கதை மனப்பாடம்.

என் வீட்டுக்குக் கிட்ட ரெய்னர்ஸ் லேனில் பிக்கடிலி ரயில் ஏறி, கிரீன் பார்க்கில் மாறி, விக்டோரியாவில் இருந்து நோர்பரி. ஒன்றரை மணி நேரம். நிலையத்துக்கு அருகே மட்டன் ரோல் ஒன்று இரண்டு பவுண். நான் மூன்று சாப்பிட்டேன். கல்லறைத் தோட்டம் அங்கிருந்து பஸ்ஸில் பத்து நிமிடம்.

ஒரு சிக்கல். எங்கள் யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பங்களில் பெண்கள் சுடலைப் பக்கம் போவதில்லை. அதனால் சவுத்தாலில் உடுப்பு வாங்கப் போகிறோம் என்று அக்காவிடம் புளுகியிருந்தேன். கல்லறையைக் கண்டுபிடித்த நேரம் பார்த்து அக்காவின் வீடியோ அழைப்பு வந்தது. அபி யோசிக்காமல் எடுத்துவிட்டாள்.

“தம்பி! பின்னாலை என்ன சிலுவை? குமர்ப்பிள்ளையைச் சுடலைக்கோ கூட்டிக்கொண்டு போனனீ?”

“அம்மா, நான் சொன்ன ஹொக்கி பிளேயர் இவர்தான்,” என்று அபி கைபேசியைக் கல்லுக்கு நேரே பிடித்தாள்.

அக்கா கண்ணாடி போட்டு வாசித்தாள். பெயர், அதன் கீழே ‘அன்புக் கணவர், வங்கி முகாமையாளர்’. அவ்வளவுதான்.

“ஹொக்கி எங்கை?”

“இல்லையம்மா. ஒரு சொல்லும் இல்லை.”

அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது, அதுவும் அந்த மனிதருக்காக. “வேலையையும் விட்டு, காலையும் முறிச்சு விளையாடின மனுசன். வங்கி எண்டு மட்டும் எழுதி விட்டிருக்கினமே! நீ அந்தக் கழகத்துக்குக் கையெழுத்தைப் போடு பிள்ளை. தம்பி, ரெண்டு பேரும் முழுகிப்போட்டுத்தான் வீட்டுக்குள்ளை போகோணும், விளங்கிச்சோ?”

“ஓம் அக்கா.”

போக நினைப்பவர்கள் சேறு தாங்கும் சப்பாத்துப் போடுங்கள். அக்காமார் உள்ளவர்கள் கோடையில் போங்கள். நாங்கள் மாசிக் குளிரில், என் வீட்டுப் பின்வளவுக் குழாயடியில், அக்கா வீடியோவில் பார்த்துக்கொண்டிருக்க, உடுத்த உடுப்போடு தலையில் வாளித் தண்ணீரை ஊற்றினோம். எனக்குப் பல் கிடுகிடுத்தது. அபி சிரித்துக்கொண்டே அடுத்த வாளியைத் தூக்கினாள்.

“எனக்கு ஐஸ்தானே மாமா இனி வேலை!”