பள்ளத்தில் இறங்கிய டீக்கடை

ஒரு டீக்கடையை ஆளோடும் அடுப்போடும் சேர்த்து இரண்டடி பள்ளத்தில் இறக்கியவன் நான். தோண்டி இறக்கவில்லை; அதற்காவது கொஞ்சம் உழைப்பு வேண்டும். கடையை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, சுற்றியிருந்த பிளாட்பாரம் முழுவதையும் இரண்டடி உயர்த்திவிட்டேன். ரயில்வே கட்டட வேலையில் தலை நரைத்த ஒருவனிடம் ஏதாவது கற்றுக்கொள்ளலாம் என்று வந்திருக்கும் இளம் இன்ஜினீயர்கள் இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். பாடம் முடிந்துவிட்டது. மிச்சம் சிரிக்க விரும்புகிறவர்களுக்கு.

1. அசைக்கக் கூடாது

எழுபதுகளின் தொடக்கம். கல்கத்தாவின் தெற்குப் பக்கம் ஒரு லோக்கல் ஸ்டேஷன். பெயர் வேண்டாம், அங்கே இன்னும் என்னை ஞாபகம் வைத்திருக்கிறவர்கள் இருக்கலாம். மின்சார ரயில் வந்த பிறகு பழைய பிளாட்பாரம் தாழ்ந்துபோய்விட்டது. ரயிலின் வாசல் மேலே, ஜனங்கள் கீழே. கிழவர்களையும் மீன் கூடைகளையும் ஒரே மரியாதையோடு மேலே இழுத்துப் போட்ட பிறகுதான் வண்டி நகரும். ஆகவே பிளாட்பாரத்தை உயர்த்து, நீட்டு, புதுக்கூரை போடு என்று உத்தரவு வந்தது. வொர்க்ஸ் இன்ஸ்பெக்டராக என்னைப் போட்டார்கள்.

வேலை ஒன்றும் பிரமாதமில்லை. ஓரத்தில் செங்கல் சுவர் கட்டி, உள்ளே சாம்பலும் மண்ணும் கொட்டி இடித்து இறுக்கி, மேலே கான்கிரீட் போட வேண்டும். ரயில்கள் ஓடிக்கொண்டே இருக்கும். ஜனங்கள் ஈரக் கான்கிரீட்டில் தங்கள் செருப்பின் அளவைப் பதிவு செய்துகொண்டே இருப்பார்கள்.

பிளான் நான்தான் வரைந்தேன். அதன் ஓரத்தில் ஒரு குறிப்பு வேண்டுமே என்று பழைய பிளான் ஒன்றிலிருந்து அழகாகக் காப்பியடித்தேன்: 'ஏற்கெனவே உள்ள கட்டுமானங்களை அசைக்கக் கூடாது.' பழைய பிளானில் அது சிக்னல் கம்பத்துக்காக எழுதப்பட்டது. என் பிளானில் நிமாய்தாவின் டீக்கடையும் ஒரு கட்டுமானம்.

நிமாய் என்பது பெயர். 'தா' என்றால் வங்காளியில் அண்ணன். அப்பாவுக்குப் பிறகு கடையை எடுத்து நடத்துகிறவர். மரச்சட்டம், பலகைத் தளம், தகரக் கூரை, கரி அடுப்பு, மண் குவளைகள். அதிகம் பேசமாட்டார். அங்கே பேச்செல்லாம் வங்காளிதான். நான் தமிழாக்கித் தருகிறேன்.

கான்ட்ராக்டரின் மேஸ்திரி வாழ்நாளில் ஒரு பிளானையும் மதித்தவரில்லை. அந்த ஒரு குறிப்பை மட்டும் வேதவாக்காக எடுத்துக்கொண்டார். கடைக்கு நாலு பக்கமும் தடுப்புச் சுவர் எழுப்பி, பூசி, வெளியே மண்ணை நிரப்பிவிட்டார். பக்கத்தில் இருந்த சிமென்ட் பெஞ்சையும் அசைக்கவில்லை. அது முழுவதும் புதைந்து, முதுகுப்பலகை மட்டும் பிளாட்பாரத்தில் துருத்திக்கொண்டு நின்றது.

இவ்வளவும் நடக்கும்போது நான் எங்கே இருந்தேன்? அங்கேதான் இருந்தேன். மறுகோடியில் நின்று மட்டம் பார்க்கும் லெவல் கருவியின் வழியாகத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் காலத்துக் கருவியில் உலகம் தலைகீழாகத் தெரியும். நிமாய்தா தாழ்ந்துகொண்டே போனது எனக்கு அவர் உயர்ந்துகொண்டே போவதாகத் தெரிந்திருக்க வேண்டும்.

"ஏன் நிமாய்தா, முன்னாடியே சொல்லக் கூடாதா?" என்று பிறகு கேட்டேன்.

"தினம் சொன்னேன் பாபு. நீங்க 'ஹோபே, ஹோபே'ன்னீங்க."

ஹோபே என்றால் 'ஆகும், ஆகும்.' கல்கத்தா வந்து நான் சரளமாகப் பேசக் கற்ற முதல் வங்காளிச் சொல். எந்தக் கேள்விக்கும் பொருந்தும்.

2. பெல்ட்டும் பாசெஞ்சரும்

எங்கள் அசிஸ்டன்ட் இன்ஜினீயர் செல்லையா சார் பாளையங்கோட்டைக்காரர். கல்கத்தா வந்து எத்தனையோ வருஷமாகியும் 'வே'யை மட்டும் விடாதவர். பள்ளத்தின் ஓரத்தில் நின்று எட்டிப் பார்த்தார். கீழிருந்து நிமாய்தா கும்பிட்டார்.

"என்னவே இது? கடையா, கல்லறையா?"

"கடைதான் சார். பிளான்ல அசைக்கக் கூடாதுன்னு போட்டிருந்தது."

"பிளான் போட்ட மூதேவி யாரு?"

"நான்தான் சார்."

"தெரியும். உம்ம வாயால கேக்கணும்னுதான் கேட்டேன். அடுத்த வாரம் பெரிய ஆபீசர் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வாராரு. அவரு இதுல காலை வச்சு விழுந்தாருன்னா உம்ம உத்தியோகமும் போச்சு, என் உத்தியோகமும் போச்சு. கடையைப் பிரிச்சுப் போட்டுட்டுப் பள்ளத்த மூடும்."

"அவருக்கு வேற இடம் குடுத்துரலாமா சார்?"

"லைசென்ஸு இந்த இடத்துக்குத்தானவே! பிரிச்சா லைசென்ஸும் போச்சு. புதுசா மனு போட்டு, அது ஆபீஸ் ஆபீஸா சுத்தி வாரதுக்குள்ள அந்த ஆளுக்குப் பல்லு பூராம் விழுந்துரும்."

நிமாய்தாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் 'லைசென்ஸ்' எல்லாப் பாஷையிலும் லைசென்ஸ்தான். சார் போனதும் கெட்டிலைக் கீழே வைத்தார்.

"கடை போனா நான் எங்க போவேன் பாபு?"

வாய் வரைக்கும் ஹோபே வந்தது. முதல்முறையாக அதை விழுங்கினேன்.

அன்று சாயங்காலம் டெய்லி பாசெஞ்சர்கள் என்னைப் பிடித்தார்கள். டெய்லி பாசெஞ்சர் என்றால் ஏதோ டிக்கெட் வாங்கி ரயிலில் போகிறவர் என்று நினைக்கக் கூடாது. அவர் ரயிலின் பங்குதாரர். தினமும் அதே பெட்டி, அதே சீட்டுக் கச்சேரி, இறங்கினதும் அதே டீ. அவர்களுக்குத் தலைவர் தத்தா பாபு, ஓர் இன்சூரன்ஸ் ஆபீஸ் குமாஸ்தா. என்னைச் சுற்றி வளைத்துக் கெரோ செய்தார்கள். கேட்டது கிடைக்கும் வரை ஆளை நகரவிடாமல் நிற்பது. அந்த வருஷங்களில் கெரோவுக்குள் சிக்காத அதிகாரியை அதிகாரி என்றே யாரும் மதிப்பதில்லை. எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

"மிஸ்டர் மெட்ராஸ்!" என்றார் தத்தா பாபு. "வெள்ளைக்காரனுக்கே குனியாத வங்காளி ஒரு டீக்காகக் குனியணுமா?"

"சோல்பே நா! சோல்பே நா!" என்றது கூட்டம். நடக்காது, நடக்காது.

"நிமாய் மூஞ்சியை நாங்க பாக்குறதில்ல. எங்க மூஞ்சியை அவன் பாக்குறதில்ல. பெல்ட்டை வச்சுத்தான் ஆளை அடையாளம் பிடிக்கிறான். போன வாரம் என் மச்சினன் என் பெல்ட்டைப் போட்டுட்டு வந்து என் கணக்குல நாலு டீ குடிச்சிட்டான், தெரியுமா?"

"சோல்பே நா!"

"இப்ப கடையவே எடுக்கப் போறீங்களாமே?"

கூட்டம் நெருங்கியது. நான் மரியாதையாக ஓர் அடி பின்னால் வைத்தேன். இன்னோர் அடி வைத்தேன். மூன்றாவது அடிக்குப் பிளாட்பாரம் இல்லை.

விழுந்த இடத்தில் அடி ஒன்றும் பலமில்லை. முதல் நாள் மழைத் தண்ணீர் கணுக்கால் அளவு நின்றது. நிமாய்தா ஒரு குவளை டீயை நீட்டினார். தண்ணீரில் உட்கார்ந்தபடியே குடித்தேன். மேலே சுற்றிலும் பெல்ட்டுகளும் வேட்டி முடிச்சுகளும். இந்த மனிதர் வாரக்கணக்காக இதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று அப்போதுதான் உறைத்தது. நான் வரைந்த பிளானுக்குள் அன்றுதான் முதல்முறையாக இறங்கியிருந்தேன்.

எழுந்திருக்கப் பார்த்து, கடையின் பலகையில் தலையை இடித்துக்கொண்டேன். கடை லேசாக ஆடியது. குனிந்து பார்த்தால், அஸ்திவாரமே இல்லை. நாலு மரக்காலும் நாலு செங்கல்மேல் சும்மா நின்றன. நாலு தப்படி தள்ளி, லைன் ஆட்கள் ஜாக் வைத்துத் தண்டவாளத்தையே தூக்கிக்கொண்டிருந்தார்கள்.

"தத்தா பாபு!" என்று பள்ளத்திலிருந்து கத்தினேன். "கடையைப் பிரிக்க மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஜாக் வச்சு அப்படியே மேல ஏத்திடறேன்!"

"நிஜமாவா, இல்ல ஹோபேவா?"

"நிஜமா!"

மறுநாள் செல்லையா சாரிடம் போய் நின்றேன். "இடம் மாறாது சார். உயரம் மட்டும்தான் மாறும்."

"லைசென்ஸுல ஒயரம் போட்டிருக்கா?"

"இல்ல சார்."

"அப்ப ஏத்தும். சரிஞ்சு விழுந்துச்சுன்னா நீரு யாருன்னே எனக்குத் தெரியாது."

3. ஞாயிற்றுக்கிழமை

நாலு மூலையிலும் நாலு ஜாக். லைன் ஆட்கள் பம்ப் அடிக்க அடிக்க, இடைவெளியில் பழைய மர ஸ்லீப்பர் கட்டைகளைத் திணித்துக்கொண்டே வர வேண்டும். நாலு பேரும் ஒரே சமயத்தில், ஒரே அளவு. லீவு நாளில் வீட்டில் இருக்க வேண்டிய டெய்லி பாசெஞ்சர்கள் அத்தனை பேரும் வந்திருந்தார்கள். ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள்; எல்லாம் ஒன்றுக்கொன்று எதிரானவை.

நிமாய்தா கடையை விட்டு இறங்க மறுத்துவிட்டார்.

"ஆபத்து நிமாய்தா. வெளிய வாங்க."

"அடுப்பு எரியுது."

"அணைச்சிடுங்க."

"இவ்வளவு பேர் டீக்கு நிக்கிறாங்க."

ஓர் அடி வரை ராஜாவின் சிம்மாசனம்போல ஏறியது. பிறகு தெற்கு மூலையில் ஜாக்குக்குக் கீழே இருந்த செங்கல் படாரென்று உடைந்தது. கடை ஒருபக்கமாகச் சாய்ந்தது. தகரக் கூரை கிறீச்சிட்டது, கொதிக்கிற கெட்டில் வழுக்கியது. நிமாய்தா ஒரு கையால் கெட்டிலையும் மறுகையால் சட்டத்தையும் பிடித்துக்கொண்டு தொங்கினார். எல்லோரும் பாய்ந்தார்கள். தத்தா பாபு தோளைக் கொடுத்தார், சீட்டுக் கச்சேரி முழுவதும் தோளைக் கொடுத்தது. லைன் ஆள் ஒருவர் ஸ்லீப்பர் கட்டையை உதைத்து உள்ளே தள்ளினார். கடை நின்றது.

பொறுப்பு இன்ஜினீயர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று கேட்கிறீர்களா? இரண்டு கையாலும் பிஸ்கட் ஜாடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "பிடி! பிடி!" என்று தமிழில் அலறிக்கொண்டிருந்தேன். யாருக்கும் புரியவில்லை. அதனால்தான் எல்லாம் சரியாக நடந்தது.

மத்தியானத்துக்குள் கடை புது மட்டத்துக்கு வந்துவிட்டது. இரண்டே நாளில் பள்ளத்தையும் நிரப்பினோம். ஆனால் பெஞ்சைச் சுத்தமாக மறந்துபோனோம். இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்த பெரிய ஆபீசர் கடையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராகப் போய், தரையிலிருந்து துருத்திக்கொண்டிருந்த முதுகுப்பலகை முன்னால் நின்றார்.

"இது என்ன?"

நான் ஓர் அடி பின்னால் வைத்தேன். செல்லையா சார் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "பழைய லெவல் எதுன்னு தெரியறதுக்கு அடையாளமா விட்டு வச்சிருக்கோம் சார்."

"வெரி குட்" என்றார் ஆபீசர்.

அன்று சாயங்காலம் கடைக்குப் போனேன். நிமாய்தா எல்லோருடைய முகத்தையும் பார்த்து டீ கொடுத்துக்கொண்டிருந்தார். எனக்கு மனசு நிறைந்துபோயிற்று. பலகைமேல் முழங்கையை ஊன்றி ஒரு பிரசங்கத்தை ஆரம்பித்தேன்.

"நிமாய்தா, இதுல நான் ஒரு பெரிய பாடம் கத்துக்கிட்டேன். ஒரு கோடு போடுறதுக்கு முன்னாடி, அந்தக் கோட்டுக்குப் பக்கத்துல யார் நிக்கிறாங்கன்னு போய்ப் பாக்கணும். அவங்க நிக்கிற இடத்துல நாமளும் நின்னு பாக்கணும். இன்ஜினீயரிங்னா அவ்வளவுதான். நான் சொல்றது சரிதானே?"

நிமாய்தா ஈரத்துணியோடு நின்றார்.

"கையை எடுங்க பாபு, துடைக்கணும்."