பசியாறிட்டீங்களா

கோவையில் பல் மருத்துவம் படிக்க எனக்கு இடம் கிடைத்ததும் ஜோகூர் மாநிலத்துப் பாலோவில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு முதலில் வந்தவர் அத்தைதான், அப்பாவின் அக்கா. குளுவாங்கில் துணிக்கடை வைத்திருக்கிறார். சேலை எடுக்க அடிக்கடி தமிழ்நாட்டுக்குப் போய் வருவதால், அந்த ஊரையே குத்தகைக்கு எடுத்தவர் போலப் பேசுவார். வந்தவர் நேராக என் பெட்டியைத் திறந்து, நெத்திலிச் சம்பல் போத்தலை வெளியே எடுத்து வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். அம்மா எல்லாரிடமும் கேட்பதைப் போலவே கேட்டார்.

"வாங்கண்ணி, பசியாறிட்டீங்களா?"

அத்தைக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

"இந்தா, இதத்தான் சொல்ல வந்தேன். அங்க போயி பசியாறு, சடக்கு, காடின்னு பேசினா சிரிப்பாங்க லா. தோட்டத்துத் தமிழ்னு ஒடனே கண்டுபிடிச்சிருவாங்க. சடக்குன்னு சொல்லக் கூடாது, ரோடு. காடி இல்ல, கார். காலையில சாப்பிடுறது டிபன். புள்ளைக்கு இப்பவே பழக்கு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சடக்கு தப்பாம், ரோடு சரியாம்! பசியாறு என்ற பச்சைத் தமிழை விட்டுவிட்டு டிபன் சாப்பிட வேண்டுமாம். ரோடும் காரும் டிபனும் எந்தத் தமிழ்ச் சங்கத்தில் பிறந்தன என்று கேட்க வாய் துடித்தது. அம்மா என் கையைப் பிடித்து அழுத்தினார். நாத்தனாரிடம் அவர் ஒருநாளும் எதிர்த்துப் பேசியதில்லை.

அம்மா பிஸ்கட் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். பிறந்து வளர்ந்தது காஹாங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில். வாயைத் திறந்தால் பக்கத்து வீட்டு ஆட்கள் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டுவார்கள், அப்படி ஒரு பேச்சு. அந்த அம்மா மறுநாள் காலை அடுப்படியில் நின்று, "பாப்பா, பசி..." என்று தொடங்கி நாக்கைக் கடித்துக்கொண்டார். "டிபன் சாப்பிட வா" என்றார்.

அன்றிலிருந்து வீடு வீடாக இல்லை. தொலைக்காட்சியில் தமிழ்நாட்டு நாடகத்தைக் கதைக்காகப் பார்த்த அம்மா, இப்போது பேச்சுக்காகப் பார்த்தார். உதடு அசைத்து உடனுக்குடன் சொல்லிப் பார்த்தார். "அலமாக், வீட்டுல நியூஸ் வாசிக்கிற மாதிரி இருக்கு" என்று அப்பா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"நான் அங்க பல்லு புடுங்கப் போறேனா, நாடகத்துல நடிக்கப் போறேனா?" என்று கத்தினேன்.

"ஒன்னப் பாத்து யாரும் சிரிச்சிறக் கூடாது பாப்பா" என்றார் அம்மா. அதற்கு மேல் நான் என்ன சண்டை போடுவது?

விமான நிலையத்தில் அவர் என்னைக் கட்டிக்கொண்டபோது, இப்போதாவது பழைய வாய் வரும் என்று காத்திருந்தேன். "நேரத்துக்கு டிபன் சாப்பிடு" என்றார். அத்தை பின்னால் நின்று தலையாட்டினார். அந்தக் கோபத்தோடேயே விமானம் ஏறினேன்.

கல்லூரியில் வெளிநாட்டு மாணவர்களுக்குத் தனி வரிசை. என் முறை வந்ததும் அலுவலர் ஆங்கிலத்தில் கேட்டார், நான் தமிழில் பதில் சொன்னேன். "அட, தமிழ் பேசுதும்மா இந்தப் பொண்ணு!" என்று பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். பேசும் கிளியா நான்? ஜோகூரில் பிறந்த நாளிலிருந்து எங்களை இந்தியர் என்றார்கள். இந்தியாவுக்கு வந்தால் ஃபாரின் பொண்ணு. கூட்டிக் கழித்துப் பார்த்தால் நான் எந்த ஊர்க்காரி என்று யாராவது சொன்னால் தேவலை.

அத்தை சொன்னதுபோல் விடுதி அறையில் சிரிக்கத்தான் செய்தார்கள். "சடக்கைத் தாண்டிப் போனா கடை இருக்கு" என்று நான் சொன்னதற்கு ஒருத்தி கட்டிலில் விழுந்து உருண்டாள். அடுத்த வாரம் அவளே எல்லாவற்றுக்கும் எங்கள் ஊர் லா போட ஆரம்பித்துவிட்டாள். இதற்குத்தான் அவ்வளவு பயமா என்று இருந்தது.

ஆனால் அம்மாவின் பயம் போகவில்லை. ஃபோன் செய்தால் முதல் கேள்வி, "பக்கத்துல யாராச்சும் இருக்காங்களா?" இருக்கிறார்கள் என்றால், "சரி, அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிடுவார். நான்கு பேர் இருக்கும் அறையில் யாரும் இல்லாத நேரம் ஏது? பேசினாலும் நறுக்கி நறுக்கி நாலு வார்த்தை. கடல் தாண்டி வந்த எனக்கு வீடு என்று மிச்சம் இருந்ததே அந்தப் பேச்சுதான். அதைச் சேலையைப் போல மடித்து அத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இரண்டு வாரம் வயிறெரிந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எல்லாரும் தலை வாரிக்கொண்டிருந்தபோது நானே அழைத்தேன். ஒலிபெருக்கியைப் போட்டேன். அம்மா எடுத்ததும் வராந்தா வரைக்கும் கேட்கும்படி கத்தினேன்.

"அம்மா! பசியாறிட்டீங்களா?"

அம்மா குரலைத் தாழ்த்தி, "யாரு இருக்கா அங்க?"

"எல்லாரும் இருக்காங்க. எல்லாருக்கும் கேக்குது. சொல்லுங்க, பசியாறியாச்சா?"

லா போடுகிறவள் சீப்பும் கையுமாக ஃபோனருகே வந்தாள். "ஆன்ட்டி, எங்களையும் கேளுங்க லா!"

அம்மாவிடமிருந்து ஒரு மூச்சு வந்தது. சிரிப்பா அழுகையா என்று எனக்குப் பிடிபடவில்லை.

"எங்க பசியாற? ஒங்கப்பா ரொட்டி சானாய் வாங்கப் போனாரு, காடி சடக்குலயே நின்னுபோச்சாம். தள்ளிக்கிட்டு வர்றாரு. கறியக் கட்டித் தர மறந்துட்டானாம் அந்தக் கடைக்காரன், வெறும் ரொட்டிய வச்சிக்கிட்டு நான் என்னா பண்றது, சொல்லு..."

தங்குதடையில்லாமல் பொழிந்தார். அறையில் சீப்புகள் நின்றுவிட்டன. மூச்சு வாங்கிக்கொண்டு கடைசியில் கேட்டார்.

"நீ பசியாறிட்டியா பாப்பா?"

மூன்று இட்லி ஏற்கெனவே உள்ளே போயிருந்தது. "இன்னும் இல்லம்மா" என்றேன்.

உடனே திட்ட ஆரம்பித்தார்.