நான் வைத்த திருப்பம்

நான் எழுதியவற்றில் உருப்படியானது அந்தக் குளவிக் கதைதான் என்று இன்னமும் சொல்கிறார்கள். நாசமாய்ப் போன கதை.

கந்தப்பளைப் பக்கம் எங்கள் தோட்டத்தில், கொழுந்து பறிக்கும்போது குளவி கலைந்தது. எல்லோரும் கூடையை வீசிவிட்டு ஓடினார்கள். பக்கத்து வீட்டுக்காரி தடுக்கி விழுந்தாள். என் சித்தி மட்டும் திரும்பிப் போய், நனையாமலிருக்க இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்து அவளை மூடிவிட்டு, பக்கத்தில் குப்புறப் படுத்துக்கொண்டாள். அதற்குள் விழுந்தவளைக் குளவிகள் கொட்டித் தீர்த்திருந்தன. ஆஸ்பத்திரியிலிருந்து சித்தி வந்தாள், பக்கத்து வீட்டுக்காரி வரவில்லை. அவள் மகளுக்குச் சோறு பொங்கிப் போட்டு, கல்யாணமும் கட்டிக் கொடுத்தது சித்திதான். படங்கு விஷயத்தைச் சித்தி யாரிடமும் பீற்றிக்கொள்ளவில்லை. நான்தான் நச்சரித்துப் பிடுங்கினேன்.

ஹட்டனில் ஒரு சிறுகதைப் பட்டறைக்குப் போனேன். குறியீடு, முன்னுணர்த்தல், முரண், திருப்பம். நல்லவள் கடைசிவரை நல்லவளாகவே இருந்தால் கதை எங்கே இருக்கிறது? சித்தியை வைத்து எழுதிய கதையில், முதல் பத்தியிலேயே படங்கைக் காட்டினேன். மூன்று இடத்தில் அவள் அதை இறுக்கிக் கட்டினாள். கடைசியில், விழுந்தவள் கை நீட்டிக் கதற, படங்கைத் தன்மேலேயே போர்த்திக்கொண்டாள். பெயரை மாற்றினேன், மலையை மாற்றவில்லை. முதல் பரிசு, பத்திரிகையிலும் வந்தது.

தோட்டத்து லயத்து வீடுகளில் யாரோ போனில் வாசித்துக் காட்டியிருக்கிறார்கள்.

"அக்கா மகளே எழுதியிருக்கா, பொய்யாவா இருக்கும்?"

அன்று ஓடிய அத்தனை பேருக்கும் என் கதை வசதியாக இருந்தது. செத்தவளின் மகள் சித்திக்குக் கதவைத் திறக்கவில்லை. தன் கைக்குழந்தையைத் தூக்கவும் விடவில்லை. அந்தக் குழந்தைதான் சித்திக்கு உயிர்.

நான் ஓடிப்போய் அந்த மகளிடம் சொன்னேன். "அது நான் இட்டுக்கட்டுனதும்மா. சித்திதான் ஒங்கம்மாவ மூடுனாங்க."

"கதைய படிச்சி அழுதுட்டேங்கக்கா. இப்ப நீங்க சொல்றதுதான் சொந்தக்காரிக்காகச் சொல்ற மாதிரி இருக்கு."

பரிசு வாங்கிய எனக்கு, உண்மையைச் சொல்ல ஓர் உத்தியும் வரவில்லை.

"எதுக்குடி என்னைய அப்புடி எழுதுன?" என்று சித்தி கேட்டாள்.

"அப்பத்தான் வாசிக்கிறவங்க மனசுல நிக்கும், சித்தி."

"நிக்கிது" என்றாள்.

செத்தவளின் திவசத்தன்று, படையல் போட்டிருந்த மகள் வீட்டு வாசலில் சித்தி போய் நின்றாள். நானும் கூடப் போயிருந்தேன்.

"ஆமாம்மா. பயத்துல நான்தான் மூடிக்கிட்டேன். மன்னிச்சிக்க."

மகள் ஓவென்று அழுது கட்டிக்கொண்டாள். பிறகு உள்ளே போய்க் குழந்தையைத் தூக்கிவந்து நீட்டினாள். வாங்க நீண்ட சித்தியின் கைகளில், முழங்கைவரை கொட்டுத் தழும்புகள். படங்குக்குள் படுத்திருந்தவளுக்கு அத்தனை தழும்பு வராது. யாரும் பார்க்கவில்லை, நான் பார்த்தேன். வாயைத் திறக்கவில்லை. திறந்தால் மகள் குழந்தையைத் திரும்ப வாங்கிவிடுவாள்.