பால்பாண்டி உடைத்த நாலாவது பல்

எங்கள் பெரியப்பா பால்பாண்டி தன் கையால் நாலு பேர் பல்லை உடைத்திருக்கிறார். நாலும் லாரிப் பேச்சில் போனவை. வரப்புத் தகராறிலோ, குடித்துவிட்டோ அவர் யாரையும் தொட்டதில்லை. முதல் மூன்று பல்லும் அவருடைய மூக்கு வண்டிக்காக விழுந்தவை. நாலாவதைப் பற்றி ஊரில் தப்பாகச் சொல்லித் திரிகிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பந்தல்குடிக்கும் திருச்சுழிக்கும் இடையில் பழைய லாரி என்றால் இரண்டே வகைதான். ஒன்று மூக்கு வண்டி. இஞ்சின் முன்னால் தனியாக நீட்டிக்கொண்டிருக்கும். இன்னொன்று சப்பை மூஞ்சி. அதில் இஞ்சின் டிரைவர் சீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும். முகம் சுவர் மாதிரி தட்டையாக நிற்கும். இரண்டும் ஒன்றுக்கொன்று போட்டிக் கம்பெனி. கம்பெனிப் பெயரை எங்கள் பக்கம் யாரும் சொல்வதில்லை. 'நீ மூக்கா, சப்பையா' என்றுதான் கேட்பார்கள்.

பெரியப்பா மூக்கு. பதினாலு வயதில் கிளீனராக ஏறி, இருபத்தொன்றில் ஸ்டியரிங் பிடித்து, முப்பதில் ஒரு பழைய மூக்கு வண்டியைச் சொந்தமாக வாங்கினார். எங்கள் தாத்தா அடுத்தவர் காட்டில் பருத்தி எடுத்தவர். வீட்டுக்குக் கதவே கிடையாது, ஒரு படல்தான். எங்கள் வம்சத்தில் இடுப்பில் ஒரு சாவியைச் செருகிக்கொண்டு நடந்த முதல் ஆள் பெரியப்பா. முதல் டிகிரி என்னுடையது. நான் மதுரையில் இஞ்சினியரிங் சேர்ந்த அன்று என் டிரங்குப் பெட்டியும் பாயும் விடுதி வாசலில் இறங்கியது அந்த மூக்கு வண்டியிலிருந்துதான்.

முதல் பல், பந்தல்குடி டீக்கடையில் விழுந்தது. தூத்துக்குடி உப்பு லோடு ஓட்டுகிற ஒருவன், "மூக்கு வண்டி மேட்டுல ஏறும்போது கொறட்ட விடும்ணே" என்று சொல்லிச் சிரித்தான். சிரித்து முடிக்கவில்லை. கையில் இருந்த கண்ணாடி டம்ளரோடு பெரியப்பாவின் குத்து வாயில் இறங்கியது. உதடு கிழிந்து, பல் டீக்குள் விழுந்தது.

இரண்டாவது, அருப்புக்கோட்டை ஸ்பேர் கடையில். கடைக்காரன் அவர் கேட்ட சாமானைத் தேடிப் பார்த்துவிட்டு, "இந்த வண்டிக்கு ஸ்பேர் தேடி அலையுறதுக்கு எடைக்குப் போட்டுப் பேரீச்சம்பழம் வாங்கித் தின்னலாம்" என்றான். அவன் தலைமுடியைப் பிடித்து, அவன் கல்லா மேசையிலேயே வாயை மோத வைத்தார்.

மூன்றாவது பல், முத்துராஜ் மாமாவுடையது. பெரியப்பாவின் கூடப்பிறந்த தங்கை பாண்டீஸ்வரி அத்தையின் வீட்டுக்காரர். அவர் ஓட்டுவது சப்பை மூஞ்சி. தன் மகள் காதுகுத்துப் பந்தியில், இலை போட்டுச் சோறு வைத்த பிறகு அவர் வாயைத் திறந்தார்.

"மச்சான், ஒங்க வண்டிக்கு முன்னால பாதி மூக்கு. லோடு வைக்க எடம் எங்க இருக்கு? எம்புட்டு நீளமோ அம்புட்டும் லோடு, அதாம் என் வண்டி. பின்னச்சு ஒடஞ்சுச்சுன்னு ஒரு நாளு ரோட்டுல நின்னுருக்கா?"

"ஏ மாப்ள, மோதுனா மூக்குதான் அடி வாங்கும், நான் எந்திரிச்சு நடந்து வந்துருவேன். ஒனக்கு முட்டிதான்டா பம்பரு. இஞ்சினத் தொறந்து உள்ள எறங்கி நின்னு வேலை பாக்கலாம் என் வண்டில. ஒனக்கு ஒரு போல்ட்டு கழட்டணும்னா பாதி வண்டியப் பிரிக்கணும்."

"பிரிச்சாத்தான? ஒடஞ்சாத்தான பிரிக்கணும்?"

சாம்பார் வாளி பறந்தது. பின்னாலேயே பெரியப்பாவும் பாய்ந்தார். இரண்டு பேரும் இலை மேல் உருண்டார்கள். விலக்கியபோது மாமாவின் மேல்வரிசையில் ஒரு பல் இல்லை. அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை.

நான் மூன்றாம் வருடம் படிக்கும்போது பெரியப்பா என்னிடமும் கேட்டார். "இஞ்சினியருக்குப் படிக்கிறியே, நீ சொல்லு. எது உசத்தி?" நான் படித்ததை வைத்து ஒளிக்காமல் சொன்னேன்: "முன்பக்கம் நம்ம வண்டி பெரியப்பா. பின்பக்கம் அவுக வண்டி." காது இரைகிற மாதிரி அறை விழுந்தது. பல்லுக்குச் சேதமில்லை. படிக்க வைத்த பிள்ளை என்கிற சலுகை அது.

அடுத்த வருடமே அவருடைய பின்னச்சு, அதாவது பின்சக்கரங்களைத் தாங்குகிற அச்சு, உடைந்தது. விறகு லோடோடு பந்தல்குடி தாண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறும்போது சக்கரம் தனியாகச் சாய்ந்துவிட்டது. பதினைந்து நாள் பழைய இரும்புக் கடை எல்லாம் அலைந்தார். மூக்கு வண்டி அச்சு கிடைக்கவே இல்லை. கிடைத்தது சப்பை மூஞ்சி அச்சு. அளவைக் கொஞ்சம் மாற்றி, ஒரே ஒரு ஃபிட்டரை வைத்து, ஊருக்கு வெளியே அதை மாட்டிக்கொண்டார்.

ஆனால் ஒரு சிக்கல். மூக்கு வண்டிச் சக்கரத்துக்கு எட்டு நட்டு. சப்பை மூஞ்சிக்குப் பத்து. எங்கள் பக்கத்தில் எட்டு வயதுப் பையன்கூட நட்டை எண்ணி வண்டியைச் சொல்லிவிடுவான். பெரியப்பா ஆயில் டிரம்மை வெட்டி இரண்டு வட்டத் தகடு எடுத்து, சிவப்புப் பெயின்ட் அடித்து, நடுவில் ஒரு வேலும் வரைந்து பின்சக்கரங்களின் நட்டை மூடினார். ஊர் அதை அலங்காரம் என்று நினைத்தது. நாலு வருடம் அந்தத் தகட்டை அவர் யார் முன்னாலும் கழற்றவில்லை. பஞ்சர் ஆனால்கூட ஆளை விரட்டிவிட்டுத் தானே கழற்றுவார்.

போன மாசியில் திருச்சுழிப் பக்கம் ஒரு கண்மாயில் சீமைக்கருவேலம் வெட்டினார்கள். வெட்டுக்கு எடுத்தவர் மாரிச்சாமி. விறகை மூடி எரித்துக் கரியாக்கும் கரிமூட்டம் போடுகிறவர். கண்மாய்க்குள்ளிருந்து மூட்டத்துக்கு விறகு ஏற்ற ஒரே ஒரு வண்டி போதும் என்று சொல்லிவிட்டார். பெரியப்பா வண்டியும் மாமா வண்டியும் முப்பது வயதைத் தாண்டியவை. லோடோடு மெயின் ரோட்டில் ஏறினால் ஆர்.டி.ஓ. ஆட்கள் பிடித்துக்கொள்வார்கள். அந்த இரண்டுக்கும் மிச்சம் இருந்த ஒரே பிழைப்பு கண்மாய் விறகுதான். லோடு கிடைக்காத வண்டி, பிரித்து எடைக்கு விற்கிற உடைப்புக்குத்தான் போக வேண்டும். இரண்டு பேருக்கும் அது தெரியும்.

கண்மாய்க் கரையில் இரண்டு வண்டியும் மூக்கும் முகமுமாக வந்து நின்றன. பெரியப்பா இறங்கிய வேகத்தில் மாமாவின் சட்டைக் காலரைப் பிடித்தார். மாமா முழங்காலைத் தூக்கி அவர் வயிற்றில் கொடுத்தார். மாரிச்சாமி வெட்டரிவாளின் பின்பக்கத்தால் பானட்டில் ஓங்கித் தட்டினார்.

"அடிச்சுச் சாகுறதுன்னா என் எல்லைக்கு வெளிய போய்ச் சாவுங்கப்பா. லோடு வேணும்னா சங்கிலியப் போடுங்க. எந்த வண்டி இழுக்குதோ அதுக்கு லோடு."

கரிமூட்டக்காரர்களிடம் இது பழைய வழக்கம். இரண்டு வண்டியிலும் ஒரே அளவு விறகை ஏற்றி, பின்பக்கமும் பின்பக்கமுமாக நிறுத்தி, இரும்புச் சங்கிலியால் பிணைப்பார்கள். நடுவில் சுண்ணாம்புக் கோடு. எதிராளியைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் இழுத்தவன் ஜெயித்தவன்.

வெட்டாட்கள் கரைமேல் ஏறிக்கொண்டார்கள். மாரிச்சாமி துண்டை வீசினார்.

இரண்டு இஞ்சினும் ஒரே நேரத்தில் அலறின. சங்கிலி மண்ணிலிருந்து எழும்பி விறைத்தது. நாலு பின்சக்கரமும் கண்மாய்க் கரம்பை மண்ணைக் கிழித்து வாரி இறைத்தன. கருவேல முள்ளும் மண்கட்டியும் கல்லடி மாதிரி கரைக்கு வந்தன. ஒருத்தன் நெற்றி கிழிந்து உட்கார்ந்தான். சப்பை மூஞ்சி முதலில் ஒரு முழம் இழுத்தது. பெரியப்பா கேபினுக்குள் எழுந்து நின்று, ஆக்ஸிலேட்டரை மொத்த உடம்பாலும் மிதித்து, கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டே ஸ்டியரிங்கைக் குத்தினார். மூக்கு வண்டி முன்பக்கம் தூக்கி அடித்தது. பின்சக்கரம் துள்ளித் துள்ளி விழுந்தது. அந்தக் குலுக்கலில் இடப்பக்கத் தகடு பிய்ந்து, புழுதிக்குள் உருண்டு போனது. பெரியப்பா அதைப் பார்க்கவில்லை. சக்கரம் ஏதோ கெட்டியான இடத்தைப் பிடித்தது. சப்பை மூஞ்சியைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போய்க் கோட்டைத் தாண்டிப் பத்தடி தள்ளி நிறுத்தினார்.

கரையில் ஒரே விசில். பெரியப்பா இறங்கிப் பானட்டைத் தட்டிக் கொடுத்தார்.

"பாத்தியா மாப்ள! மூக்குடா!"

மாமா வண்டியிலிருந்து இறங்கிய இடத்தில்தான் அந்தத் தகடு கிடந்தது. எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மெதுவாக நடந்து வந்து மூக்கு வண்டியின் பின்சக்கரத்துக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தார். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி எண்ணினார்.

"ஒண்ணு... ரெண்டு... எட்டு. ஒம்பது. பத்து." நிமிர்ந்து பார்த்தார். ஓட்டைப் பல் தெரியச் சிரித்தார். "மச்சான், ஜெயிச்சது ஒங்க வண்டியில்ல. என் வண்டிதான் என் வண்டிய இழுத்துருக்கு."

கரை முழுக்கச் சிரித்தது.

பெரியப்பா சீட்டுக்கு அடியிலிருந்து ஜாக்கி ராடை உருவினார். யாரும் கத்துவதற்குள் அது மாமாவின் தோளில் இறங்கிவிட்டது. காய்ந்த விறகு முறிகிற சத்தம் கேட்டது. மாமா சாய்ந்தவர், விழுந்த வேகத்திலேயே மற்றக் கையால் ஒரு கருவேலக் கட்டையை எடுத்துப் பெரியப்பாவின் முகத்தில் வீசினார். காதுக்கு மேல் கிழிந்து ரத்தம் சட்டை முழுக்க இறங்கியது. பெரியப்பா ராடை மறுபடி ஓங்கினார். நாலு பேர் சேர்ந்து அவரைத் தரையில் அமுக்கி, ஒருத்தன் முதுகில் உட்கார்ந்த பிறகுதான் ராடு கையை விட்டது.

மாமாவுக்குக் காறை எலும்பு முறிந்திருந்தது. கையைக் கழுத்தோடு கட்டித் தொங்கவிட்டு, மூன்று மாதம் ஸ்டியரிங் பிடிக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். மாரிச்சாமி தன் சொல்லில் நின்றார். "எட்டோ பத்தோ எனக்கெதுக்கு? இழுத்த வண்டிக்குத்தான் லோடு." லோடு பெரியப்பாவுக்கு வந்தது.

மறுநாள் அத்தை வந்தார். வாசலிலேயே நின்றார்.

"உடைப்புக்காரன் நாளைக்கழிச்சு வாரானாம், வண்டியப் பாக்க. ஓட்டுற ஆளோட கையவும் ஒடச்சுப்புட்ட. பிள்ளைகளுக்கு மத்தியானச் சோறு ஒன் ஜாக்கி ராடு போடுமா?" என்று கேட்டுவிட்டு, முந்தானையில் முடிந்திருந்த சப்பை மூஞ்சிச் சாவிக்கொத்தை அவிழ்த்து அண்ணன் முகத்தில் ஓங்கி எறிந்தார். புருவம் வெடித்தது. பெரியப்பா துடைக்கவில்லை. அத்தை போன பிறகும் அந்தச் சாவி நடைவாசலிலேயே கிடந்தது.

இரண்டு நாள் அவர் லோடு அடித்தார். கண்மாய்க்குள் வண்டி நுழையும்போதெல்லாம் வெட்டாட்கள் கோரஸாக எண்ணினார்கள். "எட்டு... ஒம்பது... பத்து!" மேடு ஏறும்போது ஒருவன், "சப்பை தள்ளுது, மூக்கு சும்மா ஒக்காந்து வருது" என்றான். பெரியப்பா யாரையும் அடிக்கவில்லை. அதுதான் எங்களுக்குப் பயமாக இருந்தது.

மூன்றாம் நாள் விடிந்ததும் வண்டியை வீட்டு முன் நிறுத்தி, பின்னால் கல் அடுக்கி, ஜாக்கி ஏற்றினார். நட்டுக் கழற்ற ஆரம்பித்தார். துருப்பிடித்த நட்டுகளை ஸ்பேனரால் கழற்றவில்லை. சம்மட்டியால் அடித்து உடைத்தார். ஒவ்வொரு அடிக்கும் ஒரு கெட்ட வார்த்தை. விரல் நகம் பெயர்ந்து தொங்கியது. அதைப் பல்லால் கடித்துத் துப்பிவிட்டு மறுபடி அடித்தார். நான் அவர் கையைப் பிடிக்கப் போனேன்.

"பெரியப்பா, லோடு கையில இருக்கு. இப்பப் போய் இத ஏன் கழட்டுறீக?"

"இது என் வண்டி இல்லடா." சம்மட்டி என் காலுக்குப் பக்கத்தில் வந்து புதைந்தது. "தள்ளி நில்லு."

சாயங்காலத்துக்குள் பின்னச்சு மொத்தமும் தரையில் கிடந்தது. மூக்கு வண்டி நாலு கல்லின் மேல் பின்கால் இல்லாத காளை மாதிரி நின்றது. உள்ளே போனார். நடைவாசலில் கிடந்த சாவியை எடுத்தார். உடைப்புக்காரன் வருவதற்குள் அத்தை வீட்டுக்கு நடந்தார்.

மறுநாளிலிருந்து கண்மாய் விறகு சப்பை மூஞ்சியில் போனது. ஓட்டியது பெரியப்பா. லோடுக் கூலி அத்தை வீட்டுக்கு. கை கட்டிய மாமா இடப்பக்க சீட்டில் உட்கார்ந்து வருவார். இரண்டு பேரும் பேசுவதில்லை. பெரியப்பா கியரை அடித்துத்தான் போடுவார். கதவை உதைத்துத்தான் திறப்பார்.

ஒரு மாதம் கழித்து ஒரு காலை. பந்தல்குடியில் அதே டீக்கடை. புது டிப்பர் ஓட்டுகிற முகேஷ் பெஞ்சில் இருந்தான்.

"என்னண்ணே, கடைசில சப்பைக்கே வந்துட்டீக. வண்டி எப்பிடி?"

"இதெல்லாம் ஒரு வண்டியாடா?" பெரியப்பா எரிந்து விழுந்தார். "இஞ்சின் சூட்டுல தொடை வேகுது. கியரப் போட ரெண்டு ஆளு வேணும். முன்னால பாத்தா ரோடே மடியில வந்து விழுற மாதிரி இருக்கு."

"அதத்தான் நானும் சொல்லுறேன். தகர டப்பா. முத்துராஜண்ணனுக்கு வேற கெதியில்ல, ஓட்டுனாரு. இன்னைக்கு நின்னா நாளைக்கு ஒரு பய தொட மாட்டான்."

பெரியப்பா டம்ளரை நிதானமாகப் பெஞ்சில் வைத்தார். அடுத்த நொடி முகேஷ் பெஞ்சுக்குப் பின்னால் கிடந்தான். வாயிலிருந்து ரத்தம் ஒழுக, விழுந்த பல்லைத் தரையில் தடவிக்கொண்டிருந்தான். பெரியப்பா அவன் நெஞ்சில் கால் வைத்துக் குனிந்தார்.

"நாலு வருசம் என்னச் சுமந்தது சப்பை அச்சுடா. ஒருநாளு நின்னதில்ல. நான் திட்டுவேன். நீ திட்டக்கூடாது."

அன்று முகேஷ் மூக்கு வண்டியைக் கேலி செய்ததாகத்தான் ஊரில் சொல்கிறார்கள். மூக்கு வண்டியைப் பற்றி அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் பக்கத்து பெஞ்சில் இருந்தேன்.

லாரிக்குள்ளிருந்து மாமா தலையை நீட்டினார். காதுகுத்துக்குப் பிறகு அவர் வாயிலிருந்து மச்சானுக்கு வந்த கேலியில்லாத முதல் பேச்சு.

"என்ன மச்சான் சத்தம்?"

"ஒண்ணுமில்ல. வாய மூடிட்டு ஒக்காரு." பெரியப்பா கதவை உதைத்துத் திறந்து ஏறினார். ரத்தம் ஒட்டிய கையாலேயே கியரை அடித்துப் போட்டார். லாரி கண்மாய்ப் பக்கம் திரும்பியது.